அப்பா இருக்கும்போதே எடுத்த மீசை

தஞ்சோங் பகாரில் என் அலுவலகத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு சலூன் திறந்திருக்கிறார்கள். சலூன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்னவோ, உள்ளே காப்பி வேறு கிடைக்கிறது. போன வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில், வாசலில் நின்ற இளைஞர் ஒரு சீட்டை நீட்டினார். சனிக்கிழமைகளில் கத்திச் சவரம் கற்றுத்தரும் வகுப்பாம். "டிரை பண்ணுங்கண்ணா, ரொம்ப ஈஸிலா" என்றார். திறந்த கதவு வழியாகப் படிகாரமும் சந்தன சோப்பும் கலந்த வாசனை வந்தது. ஈஸியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வாசனை மூக்கை விட்டுப் போகாமல், அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

நான் கற்றுக்கொண்ட காலத்தில் வகுப்பெல்லாம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிது. கிளமெண்டியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். பிளாஸ்டிக் ரேஸர் பட்டாலே கழுத்தெல்லாம் கொப்புளம் கிளம்பும். இணையத்தில் தேடினால், மடக்குகிற சவரக்கத்திதான் இதற்கு வழி என்று ஒருவர் வீடியோவில் சொன்னார். அவருக்கு நெஞ்சு வரை தாடி. அவர் பேச்சை நம்பி ஏன் கத்தி வாங்கினேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கத்தி வந்த பிறகுதான் குழப்பமே ஆரம்பித்தது. ஒருவர் கத்தியைக் கன்னத்தோடு படுக்க வை என்றார். இன்னொருவர் படுக்க வைத்தால் முடியை இழுக்கும், கொஞ்சம் தூக்கிப் பிடி என்றார். எவ்வளவு கொஞ்சம் என்று யாரும் சொல்லவில்லை. தீட்டுகிற தோல்பட்டையில் கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும். நான் கூரை முன்னே விட்டுப் பட்டையை அறுத்துவிட்டேன். எல்லாவற்றையும்விடப் பெரிய சனியன் கண்ணாடி. கை வெளியே போகிறதென்று நினைத்தால் உள்ளே வரும். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லா வீடியோக்காரர்களும் ஒத்துப்போனார்கள்: புதிதாகப் பழகுகிறவன் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மூக்குக்குக் கீழே போகவே கூடாது.

அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் என்று முடிவான சமயம் அது. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் காலமெல்லாம் பெயிண்ட் அடித்தவர். ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. மாட்டேன், மாட்டேன் என்று இழுத்தடித்து ஒருவழியாகச் சம்மதித்திருந்தார். இனித் தள்ளிப்போட்டால் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவுக்குத்தான் மனமே இல்லை. சகுனம், நட்சத்திரம் என்று ஏதாவது ஒரு சாக்கைத் தேடிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை ஆபரேஷன். அப்பாவைப் பார்க்கப் போகும்போது முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று மத்தியானமே கத்தியை எடுத்தேன். கன்னம் அழகாக வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மீசைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஒழுங்குபடுத்தப் போனபோது, கண்ணாடி வழக்கம்போல் என்னை ஏமாற்ற, கத்தி உள்ளே வந்து மீசையின் ஒரு முனையைக் கொண்டுபோய்விட்டது. சமன் செய்ய அந்தப் பக்கம் கொஞ்சம் எடுத்தேன். அது கூடிப்போனது. இந்தப் பக்கம் கொஞ்சம். கடைசியில் மூக்குக்குக் கீழே ஒரு பொட்டு மட்டும் நின்றது. அந்தக் கோலத்தில் எம்ஆர்டி ரயிலில் ஏற முடியாது என்று அதையும் வழித்தேன்.

வழித்து முடித்துப் படிகாரம் தேய்க்கும்போதுதான் சுரீரென்றது. படிகாரத்தால் மட்டுமல்ல. நம் ஆட்களில் பிள்ளை எப்போது மீசையை எடுப்பான்? அப்பா போனால் எடுப்பான். நான் ஒரே பிள்ளை வேறு.

அம்மா லிட்டில் இந்தியாவில் பூ வாங்கிக் கோயிலில் அர்ச்சனை செய்துவரச் சொல்லியிருந்தார். வழக்கமாக வாங்கும் பூக்கடை அக்கா மல்லிகையை எடுத்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சரத்தைக் கூடையிலேயே வைத்துவிட்டார்.

"எப்ப தம்பி? ஆபரேஷன் நாளைக்குன்னுதானே சொன்னீங்க?"

"அய்யோ, அப்பா நல்லா இருக்காருக்கா. ஷேவ் பண்றப்ப தப்பாப் போச்சு."

அவர் நம்பவில்லை. துக்கத்தில் ஏதோ பேசுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்குங்க" என்றார். உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு ஆறுதல் வாங்கிக்கொண்டு, சாமிக்குப் பூவும் வாங்கிக்கொண்டு நடந்தேன். கோயிலை முடித்து வரும் வழியில் மருந்துக்கடையைப் பார்த்ததும் புத்திசாலித்தனமாக ஒரு மாஸ்க் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

வார்டுக்குள் நுழைந்ததும் அம்மா எழுந்து குறுக்கே வந்தார்.

"ஏன்டா மாஸ்க்கு? சளியா? சளின்னா உள்ள வராத. நாளைக்கு இவருக்கு நெஞ்சத் தொறக்கப் போறாங்க."

சளி என்றால் அப்பாவைப் பார்க்க முடியாது. சளி இல்லை என்றால் மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு கழற்றினேன்.

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆபரேஷன் வேணாங்க. வீட்டுக்குப் போயிடலாம்" என்று அப்பாவிடம் சொன்னார். நான் கத்தி, கண்ணாடி, கோணம் என்று என்னென்னவோ விளக்கினேன். எனக்கே எதுவும் புரியவில்லை. அப்பா போர்வையை விலக்கிக் காலைக் கீழே வைத்தார். கிளம்பத்தான் போகிறார் என்று நினைத்தேன். இவர் செத்தால் நான்தான் காரணம்.

அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். பெயிண்ட் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் கட்டை விரலால் என் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார்.

"மூக்குக்குக் கீழ ரெண்டு எடம் விட்டுட்ட" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஏன் பயப்படுற? இவன்தான் முன்னாடியே எடுத்துட்டானே. இப்ப நான் போனா எத எடுப்பான்? இது வளர்ற வரைக்கும் எனக்கு லீவு கிடைக்காதுலா. டாக்டர வரச் சொல்லு."

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். ஆபரேஷன் நடந்தது. அப்பா பிழைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எனக்கு மீசை அரும்பத் தொடங்கியதும் அம்மா, "வளக்காதடா, வழிச்சபடியே இருக்கட்டும்" என்றார். தினமும் காலையில் அப்பா வீடியோ கால் போடுவார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "மொகத்தக் காட்டு" என்பார். பார்த்துவிட்டு, "சரி, இன்னிக்கும் லீவு இல்ல" என்று வைத்துவிடுவார். என் கல்யாணத்துக்குக்கூட மீசை இல்லாமல்தான் உட்கார்ந்தேன். பெண் வீட்டார், அப்பா பக்கத்தில் நிற்கிறாரே, பிறகு மாப்பிள்ளை ஏன் இப்படி என்று குழம்பி, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கடைசிவரை கேட்கவே இல்லை. இத்தனை வருடத்தில் கத்தி என் கையில் நன்றாகப் படிந்துவிட்டது. இதையெல்லாம் நம்பினேனோ இல்லையோ, ஒரு நாள்கூடச் சவரம் செய்யாமல் இருக்கத் துணிந்ததில்லை.

போன வருடம் அப்பா தூக்கத்தில் போய்விட்டார். அன்று காலையும் நான் வழித்திருந்தேன்.

அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காரியத்துக்கு வந்த முடிதிருத்துபவர் தலையை வழித்து முடித்து, முன்னால் வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "இங்க எடுக்க ஒண்ணும் இல்லையேண்ணே" என்றார். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு சாங்கியத்துக்காக வெறும் தோலில் கத்தியை ஒரு முறை ஓட்டினார். ஒரு முடிகூட விழவில்லை. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அதற்குப் பிறகு மேலுதட்டில் கத்தி வைப்பதில்லை. மீசை வளர்ந்துவிட்டது. காலையில் ஃபோன் சும்மா கிடக்கிறது.