வடை ஆறாத தூரத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வீடு

வீட்டு புரோக்கர் தொழிலுக்கு முதல் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். காற்று இறங்காத ஒரு சைக்கிளும், யார் என்ன சொன்னாலும் வாடாத ஒரு முகமும் இருந்தால் போதும்.

வாடகை வீடு தேடிச் செருப்பு தேய்ந்தவர்களே, வீட்டை விட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்ட ஓனர்களே, நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய என் இனத்து புரோக்கர்களே! நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன். நான் பட்டது திருவண்ணாமலையில், தொண்ணூறுகளின் நடுவில். அதுவும் வெள்ளைக்காரர்களோடு.

அதற்கு முன்னால் நான் கீழ்பென்னாத்தூரில் என் மச்சான் முருகேசனின் கடலை மண்டியில் உட்கார்ந்திருந்தேன். முருகேசன் என் மனைவி விஜயாவின் அண்ணன். வேலை கொடுத்தவர் என்பதால் நான் தும்மினால்கூட அவரைக் கேட்டுத்தான் தும்ம வேண்டும். ஒரு காதுகுத்து விருந்தில், பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "நம்ம மாப்ளைக்குத் தராசு முள்ளு எந்தப் பக்கம் சாயுதுன்னே தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். இனி மண்டி வாசலை மிதிப்பதில்லை, திருவண்ணாமலையில் வீடு பிடித்துக் கொடுத்துப் பிழைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன்.

கோபத்தில் சொன்னதை ஜனங்கள் மறந்துவிடுவார்கள். என் மச்சான் மறக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, கார்த்திகை தீபத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வீட்டுக்கு வந்து, என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "தீபத்துக்குள்ள ஒரு பெரிய பார்ட்டியாவது முடிங்க மாப்ள. இல்லன்னா கௌரவம் பாக்காம மறுநாளே மண்டிக்கு வந்துடுங்க."

இரண்டு முறை அடிக்கோடு

அந்த வாரமே கடவுள் கண் திறந்தார். இத்தாலியிலிருந்து ஒரு கடிதம். லூச்சியா என்ற அம்மாள் எழுதியிருந்தார். இரண்டு மாதம் முன்னால் வந்துபோன யாரோ என் விலாசத்தைக் கொடுத்தார்களாம். ஒன்பது பேர் வருகிறோம், இரண்டு மாதம் தங்குவோம், எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும், ஆசிரமத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு வேண்டும் என்று எழுதி, அந்த 'நடக்கும் தூரம்' என்பதற்கு மட்டும் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்.

இதற்கு எதற்கு இரண்டு கோடு என்று நினைத்தேன். எங்கள் ஊரில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அரிசி புடைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து திருவண்ணாமலையில் நடக்க முடியாத தூரம் என்று ஒன்று கிடையாது. ஆகவே மலைக்குப் பின்பக்கம், அடிஅண்ணாமலையில், மாந்தோப்புக்கு நடுவில் ஆறு அறை கொண்ட அருமையான வீட்டைப் பேசி வைத்தேன்.

மற்ற எட்டுப் பேரும் பத்து நாள் கழித்து வருவதாக ஏற்பாடு. லூச்சியா மட்டும் வீடு பார்க்க முன்னால் வந்தார். அறுபத்திரண்டு வயது, குட்டை முடி, கையில் ஒரு துணிப்பை. வீடு வரைக்கும் நடந்தே போய்ப் பார்க்கலாம் என்றார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மலை சுற்றும் பாதையில் செருப்போடு போய் எனக்குப் பழக்கமில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தோம். என் சிநேகிதன் ஆட்டோ ஏழுமலை, எப்படியும் கூப்பிடுவோம் என்ற நம்பிக்கையில், பின்னாலேயே காலி வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் லூச்சியா மாமரத்தைப் பார்க்கவில்லை, அறைகளைப் பார்க்கவில்லை. கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிட்டு இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "எங்க ஊர்ல இவ்வளவு தூரம் நடந்தா, நடுவுல ஒருத்தர் பாஸ்போர்ட் கேட்பார்."

வடை புறப்பாடு

மறுநாள் லூச்சியா அளவுகோலை அவரே கொண்டுவந்தார். அவருடைய கிராமத்தில் காலையில் ரொட்டிக் கடையிலிருந்து ரொட்டி வாங்கி வருவார்களாம். வீட்டு மேஜையில் வைக்கும்போது அது சூடாக இருந்தால் நடக்கும் தூரம். ஆறிப்போனால் அது வேறு ஊர். தனக்கு நடப்பது ஒன்றும் பெரிதில்லை, முப்பது வருஷம் தபால் கொடுத்த கால் என்றார். ஆனால் வருகிறவர்களில் ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவர் நாயைக் கண்டால் நகர மாட்டார், இன்னொருவர் சும்மாவே நகர மாட்டார் என்றும் சொன்னார்.

ரொட்டிக்கு நான் எங்கே போக? ஆசிரமத்துக்கு எதிரே ஓர் அம்மாள் டீக்கடை வைத்திருந்தார். எண்ணெயிலிருந்து எடுத்த மெதுவடை ஒன்றை வாங்கி, காகிதத்தில் வைத்து, லூச்சியா உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். அவர் முன்னால், நான் பின்னால், ஆட்டோ அதற்கும் பின்னால். முதல் நாள் மூன்று வீடு பார்த்தோம். மூன்று இடத்திலும் வாசலில் நின்று வடையைத் தொட்டுப் பார்த்தார், தலையை ஆட்டினார், ஆறின வடையை என்னிடம் கொடுத்தார். நான் தின்றேன். நான்காவது வடைக்குப் போனபோது டீக்கடை அம்மாளுக்குப் பொறுக்கவில்லை: "வாங்குனா திங்கணும். இப்படிக் கையில ஏந்திக்கினு தெருத்தெருவா சுத்தறீங்களே, அது என்ன வடையா, உற்சவமூர்த்தியா?"

பென்ஷன்காரர் வீடு

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு புது வீடு காலியாக இருந்தது. ஓனர் சர்க்காரில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரமத்திலிருந்து அங்கே போவதற்குள் வடை என்ன, வாணலியே ஆறிப்போகும். இருந்தாலும் வீட்டின் அழகைப் பார்த்து மனசு மாறாதா என்ற நப்பாசையில் லூச்சியாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன்.

ஓனர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஆளுக்கொரு விண்ணப்பம், இரண்டு நகல், போட்டோ ஒட்டி வேண்டும் என்றார். எட்டு மணிக்கு கேட் பூட்டிவிடுவேன், முட்டை கூடாது, மாடியில் குதிக்கக் கூடாது என்றார். அறுபத்திரண்டு வயது அம்மாள் எதற்குக் குதிக்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. கடைசியாக, ஒன்பது பேரில் சர்க்கார் உத்தியோகஸ்தர் யாராவது உண்டா என்று கேட்டார். லூச்சியா தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றேன். அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலி வந்தது, மோர் வந்தது. சரி, காரியம் பழம் என்று நான் நினைக்கும்போது லூச்சியா நடக்கும் தூரம் பற்றிக் கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஓனர் பதறிப்போய்ச் சொன்னார்: "பென்ஷன் வருதில்ல? அப்புறம் எதுக்கும்மா நடக்கணும்?"

ஓட்டை அடைபட்ட வடை

இப்படியே ஒரு வாரம் போயிற்று. எட்டுப் பேரும் ரயிலோ விமானமோ ஏறிவிட்டார்கள். வீட்டில் விஜயா என் பழைய மண்டிச் சட்டையைத் துவைத்து மடித்து எடுத்து வைத்திருந்தாள். நேர்வழியில்தான் முடிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் என்னை விட்டுப் போனது.

செங்கம் ரோட்டில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வீடு இருந்தது. தூரம் ஜாஸ்தி, ஆனால் ரொம்ப ஜாஸ்தி இல்லை. வடை லேசாக ஆறும், அவ்வளவுதான். ஏழுமலையிடம் ரகசியமாகச் சொன்னேன்: நாங்கள் நடக்கும்போது நீ டீக்கடையில் சூடாக ஒரு வடை வாங்கி, காகிதத்தில் சுற்றி, ஆட்டோவில் முன்னால் போய், அந்த வீட்டு கேட் மேல் வைத்துவிடு. போய்ச் சேர்ந்ததும், "வெயிலில் ஏந்திக்கொண்டே வந்தீர்கள், கொடுங்கள்" என்று லூச்சியா கையிலிருந்து பழைய வடையை வாங்கினேன். அவர் ஜன்னலை அண்ணாந்து பார்த்த நேரத்தில் மாற்றிவிட்டேன். காகிதத்தைப் பிரித்து அவர் கையில் வைத்தால் ஆவி பறக்கிறது. ஆனால் படுபாவி ஏழுமலை வாங்கி வைத்திருந்தது மசால் வடை.

லூச்சியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டையோடு புறப்பட்ட வடை ஓட்டை இல்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது. நான் மலையைப் பார்த்தேன். ஏழுமலை சக்கரத்தைப் பார்த்தான். லூச்சியா கோபப்படவில்லை, பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "இந்த மலை அற்புதம் எல்லாம் செய்யும்னு சொன்னாங்க. வடைக்குமா?"

ஒரே குடும்பம்

கடைசியில் வீடு கிடைத்தது ஆசிரமத்துக்குப் பின்னால் இரண்டாவது தெருவில். ஓனர் பஷீர் பாய், டவுனில் பூட்டு, தாழ்ப்பாள் கடை வைத்திருந்தார். வாசலில் லூச்சியா வடையைப் பிட்டார், ஆவி வந்தது. பாதியை எனக்குக் கொடுத்தார். அத்தனை நாளில் நான் தின்ற ஒரே சூடான வடை அதுதான்.

ஆனால் பாய் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "குடும்பமா இருந்தாதான் தம்பி விடுவேன். தனித்தனி ஆளுங்களுக்கு விட்டுப் பட்டதெல்லாம் போதும்." நானும் யோசிக்காமல், "ஒரே குடும்பம் பாய்" என்றேன். யார் யார் என்று கேட்டார். லூச்சியா பெரியக்கா, இரண்டு தம்பி, அவர்கள் மனைவிமார், ஒரு தங்கை, அவள் புருஷன், ஒரு சித்தப்பா, ஒரு நாத்தனார் என்று நின்ற இடத்திலேயே ஒரு வம்சத்தை உண்டாக்கினேன். இதை லூச்சியாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தீபத்துக்கு மூன்று நாள் முன்பு இரண்டு காரில் எட்டுப் பேரும் வந்து இறங்கினார்கள். வீடு திறந்திருந்ததால் நேராக மாடிக்குப் போய்விட்டார்கள். பாய் கையில் சாவிக்கொத்தோடு வந்தார். பூட்டுக் கடையில் வெள்ளைக்காரர்களோடு பேசிப் பழகிய இங்கிலீஷ் அவருக்கு என்னைவிட நன்றாகவே வந்தது. மேலே போகிற ஆளைக் காட்டி, உங்கள் தம்பியா என்று லூச்சியாவிடம் நேராகவே கேட்டார். லூச்சியா சிரித்துக்கொண்டே, இல்லை, எங்களில் யாருக்கும் யாரும் உறவில்லை, எல்லோரும் சிநேகிதர்கள் என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

பாய் என்னைப் பார்த்தார். சாவிக்கொத்து ஜிப்பா பைக்குள் போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தப்புதான் பாய், வேற வழி தெரியல, இது முடியலன்னா திரும்பவும் மச்சான்கிட்ட போய் நிக்கணும் என்று உள்ளதைச் சொன்னேன்.

அப்போதுதான் மாடியில் சத்தம் கிளம்பியது. ஒரே ஒரு அறை ஜன்னலில் மட்டும் மலை முழுசாகத் தெரியும். அது யாருக்கு என்று தகராறு. முழங்கால் வலிக்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். ஓர் அம்மாள் வாசற்படியில் பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் கையை ஆட்டிக் கத்துகிறார்கள். ஒருத்தி அழுகிறாள், அவளைச் சமாதானப்படுத்தப் போனவள் அவளோடேயே சண்டை பிடிக்கிறாள். லூச்சியா எல்லோரையும் சேர்த்துத் திட்டுகிறார். பாஷை ஒன்றும் புரியவில்லை, ஆனால் யாரோ யாரையோ 'போன வருஷமும் நீதான் எடுத்துக்கொண்டாய்' என்று சொல்கிறார்கள் என்பது மட்டும் எனக்கே புரிந்தது.

பாய் மாடிப்படியில் கையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் காது கொடுத்துக் கேட்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. பிறகு பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்: "என் தம்பிங்க மூணு பேரும் பாகம் பிரிச்ச அன்னிக்கு இப்படித்தான் கத்தினாங்க. இதுங்க குடும்பம்தான் தம்பி, இதுங்களுக்கே தெரியல."

கீழ்பென்னாத்தூருக்கு ஒரு போன்

எஸ்.டி.டி. பூத்துக்கு விஜயாவும் கூட வந்தாள். நான் கூண்டுக்குள் நின்றேன், அவள் கண்ணாடிக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன்: ஒன்பது பேர், இரண்டு மாதம், சாவி கைமாறிவிட்டது. அந்தப் பக்கம் மண்டியில் மூட்டை விழுகிற சத்தம் கேட்டது. தராசு முள்ளைப் பற்றி ஏதாவது சொல்வார், நன்றாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கல்யாணம் ஆகி ஒன்பது வருஷத்தில் கேட்காத ஒரு குரலில், குழைந்து, மெதுவாகச் சொன்னார்: "தீபத்துக்கு நாங்க வேன்ல பதினாலு பேர் வர்றோம் மாப்ள. எங்கியும் எடம் கிடைக்கல. கோயில் பக்கமா ஒண்ணு பாத்துக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

அன்றிலிருந்து இன்றுவரை ஊருக்கெல்லாம் நடக்கும் தூரத்தில் வீடு பிடித்துக் கொடுத்துவிட்டு, அவர்களுக்குக் குழாய் ஒழுகும்போதெல்லாம் என் வீட்டிலிருந்து அந்த வீடுகளுக்கு நாலு மைல் சைக்கிள் மிதிப்பதுதான் என் பிழைப்பு.