ஆதாரம் கேட்ட பக்கம்

விக்கி என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது ஒரு மூன்று நாள் ஆசிரியர் பயிற்சியில். எல்லோரும் சேர்ந்து ஒரே பக்கத்தை எழுதலாம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பது 'வரலாறு' என்ற இடத்தில் அப்படியே இருக்கும் என்றார்கள். கூட வந்தவர்கள் மதியச் சாப்பாட்டோடு அதை மறந்துவிட்டார்கள். எனக்குப் புதிதாக ஒன்று கிடைத்தால் சும்மா இருக்கத் தெரியாது. இந்தக் குணத்துக்காக வீட்டிலும் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அப்போது நான் முட்டத்தைத் தாண்டி ஒரு கடற்கரை ஊரில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு ஆரல்வாய்மொழியில், தினமும் இரண்டு பஸ் மாறி வரவேண்டும். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மீன்குழம்புதான். அதனால் 'எங்கள் ஊர்' என்று ஒரு விக்கி தொடங்கிப் பிள்ளைகளை எழுதச் சொன்னேன். பள்ளியில் ஒன்பது கம்ப்யூட்டர், ஓடுவது ஆறு. ஒன்றுக்கு நாலுபேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, கரண்ட் போவதற்குள் தட்டித் தீர்ப்பார்கள். மீன் பெயர்களே நாற்பதுக்கு மேல் வந்தன. காற்றுகளுக்கு ஒரு பக்கம், வலைகளுக்கு ஒரு பக்கம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. ஆதாரம் இல்லாமல் எழுதக் கூடாது. யார் சொன்னார்கள், எங்கே படித்தாய், அதையும் கீழே எழுது. கரும்பலகையில் பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டேன்.

'கடலில் போனவர்கள்' என்ற பக்கத்தைப் பிள்ளைகளே தொடங்கினார்கள். தொழிலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். அதில் ஒரு பெயர் மட்டும் ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. வரலாற்றைத் திறந்து பார்த்தேன். வகுப்பில் ஒரு பையன் அந்தப் பெயரைச் சேர்ப்பதும், ஒரு பெண் அதை அழிப்பதுமாகப் பதினொரு தடவை நடந்திருந்தது. அது அவளுடைய அப்பாவின் பெயர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரும் அந்தப் பையனின் அப்பாவும் ஒரே வள்ளத்தில் போயிருக்கிறார்கள். வள்ளம் கவிழ்ந்தது. பையனின் அப்பாவை மட்டும் வேறொரு வள்ளத்தில் வந்தவர்கள் தூக்கினார்கள். இவருடைய உடல் கரைக்கு வரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு, மனைவி சம்மதிக்கும்வரை மாதா கோயிலில் துக்கமணி அடிப்பதில்லை என்பது அந்த ஊரின் வழக்கம். அவள் அம்மா சம்மதிக்கவில்லை. தாலியும் கழுத்தில்தான் இருந்தது.

இதெல்லாம் தெரிந்த பிறகாவது நான் பேசாமல் அந்தப் பெயரை எடுத்திருக்க வேண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவள் நான். இரண்டு பேரையும் கூப்பிட்டு வகுப்பின் முன்னால் விசாரணை வைத்தேன்.

"எனக்க அப்பா செத்துட்டாவன்னு ஆரு சொன்னா?" என்றாள் அவள். "கோயில்ல துக்கமணி அடிக்கல்லியே டீச்சர்."

"கல்லறைத் திருநாளுக்கு அந்த மாமாவுக்கு மட்டும் ஒருத்தரும் மெழுகுதிரி கொளுத்தல்ல டீச்சர்" என்றான் அவன். அவனுக்கு இருந்த சங்கடம் அவ்வளவுதான்.

நான் நியாயம் சொன்னேன். "ஆதாரம் இருந்தா எழுது. இல்லைன்னா அவ அழிச்சது அழிச்சபடியே இருக்கட்டும்." இரண்டு பக்கமும் நோகாமல் தீர்த்துவிட்டேன் என்று அன்றைக்கு பஸ்ஸில் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது அப்பாவின் பெயருக்குக் கீழே அந்தப் பையன் இப்படி எழுதியிருந்தான்.

'ஆதாரம்: எனக்க அப்பா கண்டாவ. ரெண்டுபேரும் மெதக்குற ஒரே கேனைப் பிடிச்சிட்டு கடல்ல கெடந்தாவ. ரெண்டாம் நாள் உச்சை வெயில் நேரத்துக்கு மாமாவுக்கு கை விட்டுப்போச்சு. அப்பா விளிச்சு விளிச்சு பாத்தாவ. மாமிகிட்ட சொல்லாண்டாம்னு ஊருல எல்லாரும் பேசி வச்சிருக்காவ.'

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஊர் அவள் அம்மாவுக்காக மூன்று வருஷம் தன் வாயைத் தானே மூடிவைத்திருந்தது. கோயில் வாசலிலும் மீன் ஏலத்திலும் குழாயடியிலும் தினம் அந்த அம்மாவைப் பார்க்கிற அத்தனை பேரும் சொல்லாமல் இருந்தார்கள். அந்தப் பையனும் சொல்லியிருக்க மாட்டான். ஆதாரம் கேட்டது நான்.

அவள் பரீட்சைக்குப் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எழுந்து தள்ளி நின்றார்கள். நான் ஓடிப்போய் அந்த வரிகளை அழித்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன்.

"வரலாற்றுல கெடக்கும் டீச்சர்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றே விக்கியை மொத்தமாக மூடினேன். இணைப்பு சரியில்லை என்று தலைமையாசிரியையிடம் பொய் சொன்னேன். பையன் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வந்த பிறகும் கடைசி பெஞ்சிலேயே இருந்தான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து இடைவேளையில் அவள் வந்தாள். "அம்மைக்கு ஒண்ணும் தெரியாண்டாம் டீச்சர்." பதினாலு வயசு. அதுவரை அம்மாவோடு சேர்ந்து அப்பாவுக்காகக் காத்திருந்தவள், இனி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பதுபோல நடிக்க வேண்டும்.

அரையாண்டு மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட அவளோடு அவள் அம்மா வந்திருந்தார். கையெழுத்து முடிந்ததும் மணிபர்ஸைத் திறந்து ஒரு சின்னப் போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"டீச்சர், கம்ப்யூட்டர்ல எழுதினா ஒலகம் பூரா பாக்கும்னு இவதான் முன்ன சொல்லிட்டிருந்தா. இவளுக்க அப்பா படத்தை அதுல ஒண்ணு போட்டுத் தாருங்க. லட்சத்தீவிலயோ மாலத்தீவிலயோ கரையேறிக் கெடந்தா, ஆராவது பாத்துச் சொல்லுவாவ இல்லியா?"

அவள் குனிந்து அந்தப் போட்டோவை எடுத்து அம்மாவின் பர்ஸிலேயே திரும்ப வைத்தாள்.

"டீச்சர் எப்பவே போட்டாச்சும்மா" என்றாள்.

"போட்டாச்சா? ஆராவது பாத்ததா எழுதினாவளா மக்கா?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதல்லம்மா."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.