சிவப்புக்குப் பகல் டூட்டி, பச்சைக்கு ராத்திரி டூட்டி

பெர்னதெத்துக்கு நோயைக் கண்டு பயம் கிடையாது. கழுவாத கையைக் கண்டுதான் பயம். அரசாங்க ஆஸ்பத்திரியின் தொற்றுநோய் வார்டில் ஆயுளில் பாதியைக் கழித்து, வார்டு ஸிஸ்டராக ரிட்டயர் ஆனவள். பெங்களூர் பிரேசர் டவுனில் அவள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் குழாயடி, அப்புறம்தான் நாற்காலி. பங்குச் சாமியாருக்கும் அதே சட்டம்தான்.

2004-இல் மகள் சுனிதாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தது. தன் கம்ப்யூட்டரை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பி.ஜி. ஹாஸ்டலுக்குப் போனாள். சும்மா தூசி தட்டிக்கொண்டிருந்த பெர்னதெத், மழைக்காலம் வருவதற்குள் அதில் தமிழ் டைப் அடிக்கப் பழகிவிட்டாள். செய்தி கோயில் வரைக்கும் போயிற்று. அந்த வருஷம் மாதா திருவிழாப் பாட்டுப் புத்தகத்தை அச்சுக்குத் தயார் செய்யும் பொறுப்பு அவளைத் தேடி வந்தது. ரிட்டயர் ஆன பிறகு ஒருத்தர் அவளை நம்பிக் கொடுத்த முதல் வேலை. அதைப் பற்றி யாரிடமும் பெருமை பேசவில்லை. புதுக் கண்ணாடி மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பாட்டுகள் பியாட்ரிஸிடமிருந்து வரும். பியாட்ரிஸ் பாடகர் குழுவின் தலைவி. பெர்னதெத்தோடு ஒன்றாக நர்ஸிங் படித்தவள். கோயில் ஆபீஸில் பாட்டுகளை அடித்து ஃப்ளாப்பியில் கொண்டுவந்து கொடுப்பாள். இரண்டாவது ஃப்ளாப்பியைப் போட்டதிலிருந்து கம்ப்யூட்டர் ஒரு மாதிரி நடந்துகொண்டது. பெர்னதெத் மகளுக்குப் போன் போட்டாள்.

"வைரஸ், மம்மி. ஃப்ளாப்பியில வந்திருக்கும்."

"யார் ஃப்ளாப்பி தெரியுமா? பியா ஃப்ளாப்பி. டிரெய்னிங்லேயே அவ ஒழுங்கா கை கழுவ மாட்டா."

அடுத்த முறை பியாட்ரிஸ் வந்தபோது பெர்னதெத் வாசலிலேயே கையை நீட்டினாள். ஃப்ளாப்பியை வாங்கி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, இரண்டு பக்கமும் துடைத்தாள்.

"ஏண்டி பெர்னா, அதுக்கு ஊசி போடப் போறியா?"

"நீ போய் கை கழுவு."

"கழுவிட்டேன்டி."

"எங்க, காட்டு."

பியாட்ரிஸ் காட்டவில்லை. "பேஜார் பண்ணாதே. கொடியேற்றத்துக்குள்ள புக் வரணும். உன்னால ஆகாதுன்னா சொல்லிடு, சிவாஜிநகர்ல டி.டி.பி. கடையில கொடுத்துக்கிறேன்."

அது உறைத்துவிட்டது.

சனிக்கிழமை சுனிதா ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியைக் கொண்டுவந்தாள். அதில் காசில்லாத ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தன. ஒன்றுக்குச் சிவப்புப் படம், ஒன்றுக்குப் பச்சைப் படம். "வீட்டுக்கு ரெண்டுமே ஃப்ரீதான், மம்மி. வாரத்துக்கு ஒரு தடவை நெட் போட்டு அப்டேட் பண்ணு. ஏதாவது ஒண்ணைப் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அன்று சாயங்காலமே இன்டர்நெட்டில் மூன்றாவதாக ஒன்று தானாக வந்து குதித்தது. உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, இங்கே அழுத்துங்கள் என்றது. பெர்னதெத் அதை ஏற இறங்கப் பார்த்தாள். கூப்பிடாமல் வீட்டுக்குள் வந்து உனக்கு நோய் என்கிறவன் டாக்டர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குப் போகிற போன் ஒயரையே பிடுங்கிவிட்டாள்.

மிச்சம் சிவப்பும் பச்சையும். புது நர்ஸ்களை இன்டர்வியூ செய்வதுபோல இரண்டையும் உட்கார வைத்துப் படித்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே சர்டிபிகேட்டைத்தான் காட்டின. அதற்கப்புறம் அவள் செய்தது, வார்டு நடத்தின யாரும் செய்யக்கூடியதுதான். ஒரே நர்ஸை வைத்து எந்த வார்டு நடக்கும்? சிவப்புக்குப் பகல் டூட்டி, பச்சைக்கு ராத்திரி டூட்டி என்று முடிவு செய்து, இரண்டையும் உள்ளே சேர்த்தாள்.

டூட்டி நேரம் அவற்றுக்குத் தெரியவில்லை. இரண்டும் இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருந்தன. சிவப்பு ஒரு வைரஸைப் பிடித்துத் தன் அறையில் பூட்டினால், பச்சை அந்த அறையை எட்டிப் பார்த்து, "ஐயோ, இங்கே வைரஸ்!" என்று அலறும். பச்சை எதையாவது தொட்டால் சிவப்பு மணி அடிக்கும். இந்தக் களேபரத்தில் ஒன்பதாம் பாட்டைக் காணோம். பெர்னதெத் பல்லைக் கடித்துக்கொண்டு, அதை ஞாபகத்திலிருந்து திரும்ப அடித்தாள். கடைசி வரியில் புள்ளி வைத்தாள். கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் பாட்டுகள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பியாட்ரிஸ் ஏற்கெனவே இரண்டு தடவை போன் செய்துவிட்டாள்.

"எதைப் போட்டே, மம்மி?" என்று போனில் கேட்டாள் சுனிதா.

"ரெண்டையும். ஒன்பதாம் பாட்டைக் காணோம். இப்போ கம்ப்யூட்டரும் நின்னுடுச்சு."



"மம்மி, டிரெய்னிங்ல உன்னையும் பியா ஆன்ட்டியையும் தப்பா ஒரே வார்டுக்கு இன்சார்ஜ் போட்டாங்களே..."

"அந்த எனிமா கதையா?"

"அதேதான்."

அன்றைக்கு ஒரே நோயாளிக்கு இரண்டு பேரும், ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தி, எனிமா கொடுத்திருந்தார்கள். அந்த ஆள் தானாகவே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டான். இதற்கு மேல் சுனிதா எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சரி, எந்த ஸிஸ்டரை வெளியே அனுப்பட்டும்?"

"ஒன்பதாம் பாட்டை எது எடுத்துச்சு?"

"சிவப்பு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பச்சை எதைத் தொட்டாலும் கேட்டுட்டுத்தான் தொடும்."

"அப்போ நீயே சொல்லிட்டே."

பெர்னதெத் கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள். அது ஊர்ந்தது. ஒவ்வொரு க்ளிக்குக்கும் ஓர் அருள்நிறை மரியே ஜெபம் சொல்லி முடிக்கலாம். சுனிதா போனில் சொல்லச் சொல்ல, சிவப்பு பூட்டி வைத்திருந்ததையெல்லாம் திறந்து வெளியே விட்டாள். பச்சை மரியாதையாகக் கேட்டது: சுத்தம் செய்யட்டுமா? செய் என்றாள். பிறகு சிவப்பை எடுத்தாள். எடுப்பதற்கு முன், "உன் மேல குத்தமில்லம்மா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். தன் வார்டிலிருந்து மாற்றிய ஒவ்வொரு நர்ஸிடமும் அவள் சொல்லி அனுப்பியது அது.

கம்ப்யூட்டர் மூச்சு விட்டது. பாட்டுகள் எல்லாம் இருந்தன. அள்ளி ஃப்ளாப்பியில் போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, ஆட்டோ பிடித்து அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

கொடியேற்றத்தன்று புத்தகம் வந்தது. பியாட்ரிஸ் புரட்டினாள். புரட்டியவள் நின்றாள்.

"பெர்னா, ஒன்பதாம் பாட்டு ரெண்டு தடவை இருக்கு."

பூட்டைத் திறந்ததும் வெளியே வந்தது ஒன்று. ஞாபகத்திலிருந்து அடித்தது இன்னொன்று. பெர்னதெத்தின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த ஒரு புத்தகத்துக்காகத்தான் இவ்வளவும். இனி அடுத்த வருஷம் சிவாஜிநகர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பியாட்ரிஸ் அவளைப் பார்த்தாள். புத்தகத்தை மூடினாள். "அச்சுல இருந்தா பாடித்தான் ஆகணும்" என்றாள்.

அன்று கோயிலில் ஒன்பதாம் பாட்டை இரண்டு தடவை பாடினார்கள். மக்களும் பாடினார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷப் புத்தகத்தையும் பெர்னதெத்தான் செய்தாள். ஒன்பதாம் பாட்டு ஒரே தடவைதான் இருந்தது. கூட்டம் இரண்டு தடவை பாடியது. வழக்கமாகிவிட்டது.

பெர்னதெத் 2008-இல் இறந்தாள். கம்ப்யூட்டரில் பச்சை இன்னும் இருந்தது. போன் ஒயர் பிடுங்கியே கிடந்தது. அடக்கப் பூசைக்குப் பியாட்ரிஸ் அந்த முதல் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். ஒன்பதாம் பாட்டைப் பாடி முடித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். திரும்பவும் பாடினாள்.

கல்லறையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சுனிதா நாற்காலியை இழுத்துப் போட்டாள். பியாட்ரிஸ் உட்காரவில்லை. யாரும் சொல்லாமலே குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். கொஞ்சம் யோசித்து, இன்னொரு தடவையும் கழுவினாள்.