பெட்டிக்குள் புகப் பார்த்த களவாணி

பூட்டை மாற்றினால் திருடனுக்கு மட்டும்தான் கதவு திறக்காது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அதுவும் ஐம்பதை நெருங்கும் வயதில், தேனியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு முதலாளியாக உட்கார்ந்துகொண்டு நம்பினேன்.

கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஊரார் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் அதற்குள்தான். அது ஒருநாள் மண்டையைப் போட்டால் என் மண்டை தப்பாது என்று, கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மைத்துனன் படங்களைச் சேமித்து வைக்கும் ஒரு பெட்டியை வாங்கி வந்து பரணில் வைத்தான். தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டர் தானாகவே பாஸ்வேர்டைச் சொல்லி, வயர் வழியே பெட்டிக்குள் போய், அன்றைய படங்களுக்கு நகல் போட்டுவிட்டு வந்துவிடும். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

ஒருநாள் மைத்துனன் எதற்கோ போனில் பாஸ்வேர்டைக் கேட்டான். சிக்னல் சரியில்லை. வாசலில் நின்று எழுத்தெழுத்தாகக் கத்தினேன். மறுநாள் பக்கத்து டீக்கடை மாஸ்டர் கிளாஸை நீட்டியபடி, "அண்ணே, அந்தக் கடைசி எழுத்து பெருசா, சின்னதா?" என்றார்.

அன்றே செல்போனிலிருந்து பெட்டிக்குப் புது பாஸ்வேர்டு போட்டேன். மனைவியிடம் சொன்னேன். மைத்துனனிடம் சொல்லவில்லை. கம்ப்யூட்டரிடமும் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு முகூர்த்த சீசன். வருசநாட்டில் ஒரு கல்யாணம் எடுத்தேன். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அடுத்த கல்யாணத்துக்காகக் கேமரா கார்டுகளில் இருந்ததை அழித்தேன். பெட்டி இருக்கிறதே என்ற தைரியம்.

செல்போனில் அவ்வப்போது ஏதோ அறிவிப்பு வரும். ரீசார்ஜ் சலுகையாக்கும் என்று தள்ளிவிடுவேன். ஒரு மத்தியானம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். யாரோ தவறான பாஸ்வேர்டுடன் திரும்பத் திரும்பப் பெட்டிக்குள் நுழையப் பார்க்கிறார்களாம். அவர்கள் வரும் எண் முகவரியைப் பெட்டி தடுத்து வைத்திருக்கிறதாம்.

பெட்டிக்குப் போகும் வயரைப் பிடுங்கினேன். ஓடிப்போய்க் கடை ஷட்டரை இறக்கினேன்.

"ஏங்க, பட்டப்பகல்ல எதுக்கு ஷட்டரை இறக்குறீக?" என்றாள் மனைவி.

"களவாணி புகுந்துட்டான்டி!"

"எங்கன?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

"அப்ப ஷட்டரை ஏத்துங்க. அவன் வெளிய போகட்டும்."

மைத்துனனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எங்கள் பக்கம் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் மருந்து ஒன்றுதான். மெதுவாக ஓடினாலும், ஓடாமலே நின்றாலும், "பார்மட் அடிச்சிரு" என்பார்கள். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றுவது.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க. வருசநாட்டுக்காரக ஆல்பம் எப்பன்னு காலையிலதான் கேட்டாக" என்றாள்.

"எல்லாம் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பார்மட் அடித்தேன்.

முடிந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மைத்துனன் கூப்பிட்டான். களவாணி விஷயத்தைச் சொன்னேன்; பார்மட் அடித்ததைச் சொல்வதற்குள், தடுத்து வைத்த முகவரியைப் படிக்கச் சொன்னான். படித்தேன்.

"மாமா, அது நம்ம கடைக் கம்ப்யூட்டரு."

"என்ன மாப்ள சொல்ற?"

"பாஸ்வேர்டை மாத்துனீகளா?"

"ஆமா. பாதுகாப்புக்கு."

"கம்ப்யூட்டர்ல?"

நான் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அதுக்குப் பழசுதானே மாமா தெரியும்? தினமும் போயி பழசையே சொல்லியிருக்கு. பெட்டி களவாணின்னு விரட்டியிருக்கு. சரி விடுங்க, நகல் போடலேன்னா என்ன, படமெல்லாம் கம்ப்யூட்டர்ல அப்படியேதானே இருக்கும்?"

என் காதுக்குள் ஈ பறப்பது போல ஒரு சத்தம். வயரைத் திரும்ப மாட்டி, செல்போனில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான் பாஸ்வேர்டை மாற்றிய நாளோடு எல்லாம் நின்றுபோயிருந்தது. கடைசியாக ஒரு காதுகுத்து. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. மனைவி எட்டிப் பார்த்தாள். கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. போய் ஷட்டரை ஏற்றினாள்.

மைத்துனன் வந்து கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனான். அழிந்ததைத் தோண்டி எடுக்கும் சாப்ட்வேரில் போட்டதில் கொஞ்சம் மீண்டது. பந்தியில் பாயசம் ஊற்றுவது வந்தது. வெற்றிலை மென்றுகொண்டு இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். தாலி கட்டுவது ஒன்றுகூட வரவில்லை.

வருசநாட்டுக்குப் போய்ச் சொன்னேன். பெண்ணின் அம்மா மீண்ட படங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"பாயசத்தையா தம்பி நாங்க சட்டம் போட்டு மாட்டுறது?"

கல்யாணப் பெண் உள்ளே போய்விட்டாள். பிறகு அவர்கள் சொந்தக்காரர்களிடமெல்லாம் கேட்டு, யாரோ செல்போனில் எடுத்த ஒரே ஒரு தாலி கட்டும் படத்தை அனுப்பினார்கள். அதைத்தான் பெரிதாக்கி ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் வைத்தேன். மாப்பிள்ளையின் கை தெரிகிறது. பெண்ணின் முகம் பாதிதான் தெரிகிறது. மீதிப் பாதியை மறைத்துக்கொண்டு, கேமராவும் கையுமாக நிற்பது என் முதுகு.