என் புஜத்தில் ஏறிய எடை

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேலே என் பேரனின் கறுப்பு டப்பா நிற்கிறது. சின்னப் பானை அளவு இருக்கும். பதுளை டவுனில் அவன் போகிற ஜிம்மில் வாங்கியது. மூடியைத் திருகினால் முதலில் வெனிலா வாசனை வரும். கொஞ்சம் பொறுத்தால் அதற்கு அடியிலிருந்து வறுத்த சோயாவின் வாசனை எழும்பும். மாவில் புதைந்து கிடக்கும் பிளாஸ்டிக் கரண்டியை எடுத்து, தட்டி, விளிம்போடு வழித்து, அளவு பிசகாமல் அவன் போடுகிறபோது நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். இது தசை வளர்வதற்கு என்று ஒருநாள் எனக்கு விளக்கம் வேறு சொன்னான். எனக்கா தெரியாது? அந்த வாசனை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதுதான் அவனுக்குத் தெரியாது. ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு தராசின் மேல், எங்கள் தோட்டத்து மிட்வைஃப் அம்மாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன் லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை, இருந்தது. எனக்கு இருபத்து நான்கு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே ரோலர் மெஷினுக்குக் கொழுந்து போடுகிற வேலை எனக்கு. டவுனுக்குப் போகும்போதெல்லாம் ஒரு இரும்புக் கடைக்குள் எட்டிப் பார்ப்பேன். கடைக்காரரை எல்லோரும் நானா என்றே கூப்பிடுவார்கள். கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் பாரம் தூக்கும் தண்டுகளும் ஆளுயரக் கண்ணாடியும் வைத்து, டவுன் இளைஞர்களை அவர் பழக்கிக்கொண்டிருந்தார். சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற என்னையும் ஒருநாள் தூக்கிப் பார்க்கச் சொன்னார். தூக்கினேன். அன்றோடு பித்துப் பிடித்தது. ஸ்டோரில் கழித்துப் போட்ட இரண்டு தள்ளுவண்டிச் சக்கரங்களைக் கேட்டு வாங்கி, ஓர் இரும்புக் குழாயின் இரு முனையிலும் மாட்டி, லயத்து முன்தாழ்வாரமான இஸ்தோப்பில் காலையும் மாலையும் தூக்கினேன். அடுத்த வருஷம் பதுளையில் ஓர் ஆணழகன் போட்டி நடக்கப்போகிறது என்று நானா சொன்னதும், லயத்திலிருந்து ஒருவன் அந்த மேடையில் ஏறியே தீரவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் தோட்டத்து மானத்தைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டேன்.

தூக்கினால் மட்டும் போதாது, தின்னவும் வேண்டும் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது. முட்டை, பால், இறைச்சி என்று நானா அடுக்கிக்கொண்டே போனார். அப்போது நாடு இருந்த நிலை வயதானவர்களுக்கு நினைவிருக்கும். பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை, அரிசி அளந்து கிடைத்தது. லயத்து அடுப்புகளில் மரவள்ளிக் கிழங்கும் கீரையும்தான் வெந்தன. சில அடுப்புகளில் அதுவுமில்லை. முட்டைக்கு நான் எங்கே போவேன்? நானாவின் கண்ணாடி அலுமாரியில் தசை வளர்க்கும் மாவு வந்த வெளிநாட்டு டின் ஒன்று இருந்தது. காலி டின், அழகுக்கு வைத்திருந்தார். "இதுல ஒரு டின் முடிச்சா ஆளே மாறிடுவீங்க தம்பி. இப்ப கப்பல்ல சாமானே வாறதில்ல, நான் எங்க போற?" என்றார். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் இங்கிலீஷுக்கு அதில் இரண்டு சொற்கள்தான் பிடிபட்டன. ஒன்று சோயா, மற்றது பால்.

அந்த இரண்டு சொற்களையும் ஒரு வாரத்துக்குள் என் காம்பராவுக்குள்ளேயே கண்டேன். மனைவி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கென்று மிட்வைஃப் அம்மா சத்துமாப் பொட்டலம் கொடுத்தனுப்புவார். சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த மஞ்சள் மா. பொட்டலத்தில் தமிழிலேயே எழுதியிருந்தது. படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கப்பலில் வராத சாமான் என் வீட்டுத் தட்டில் உட்கார்ந்திருக்கிறதே என்று ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டேன். மனைவி பார்த்துவிட்டுச் சிரித்தாள். மேடையில் நிற்கப்போவது நீங்கள்தானே, நீங்களே தின்னுங்கள் என்றாள். அதற்கப்புறம் அவளே தேங்காய்ப்பூவும் துளி சீனியும் சேர்த்து எலுமிச்சை அளவில் உருட்டித் தந்தாள். மலையிலிருந்து வந்து, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, கை கழுவி, எனக்கு ஆறு உருண்டை, தனக்கு ஒன்று. சில நாள் அந்த ஒன்றும் மெல்ல என் பக்கம் நகர்ந்து வரும். எங்கள் லயத்தில் ஆண்பிள்ளைகள் தின்று மிஞ்சியதைத்தான் பெண்கள் தின்பார்கள். யாருக்கும் அது தப்பாகப் பட்டதில்லை. எனக்கும் படவில்லை. கண்ணாடித் துண்டில் என் புஜத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பக்கத்தில் நின்றவளின் மணிக்கட்டு கண்ணில் படவேயில்லை.

மிட்வைஃப் அம்மா பண்டாரவளைக்காரர். குள்ளம், ஒல்லி, வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. நான்கு டிவிஷனையும் நடந்தே சுற்றுவார். அவர் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். நிறைமாதக்காரியைச் செங்குத்து மலைக்கு வேலைக்கு அனுப்பிய கங்காணி ஒருவர், அந்தக் குடையைக் கண்டாலே வேறு பாதையில் திரும்பிவிடுவார். மாதத்தில் இரண்டு புதன்கிழமை பிள்ளைக்காம்பராவில் கிளினிக். மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. விட்டத்தில் ஒரு தொங்கு தராசைக் கட்டிக் குழந்தைகளை நிறுப்பார். பிள்ளைத்தாய்ச்சிகளைத் தரையில் வைத்த தராசில் ஏற்றுவார். எடையை ஆளுக்கொரு கார்டில் எழுதிவைப்பார். அந்த வருஷம் எங்கள் லயத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கார்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவியின் கார்டில் இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. ஏழாம் மாதம் ஒரு இறாத்தல், ஏறக்குறைய அரைக் கிலோ, இறங்கியும் இருந்தது. சத்துமா தின்கிறாயா என்று கேட்டாராம். தின்கிறேன் என்றாளாம். அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் முந்தானையைத் திருக ஆரம்பித்துவிடுவாள். அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது.

அன்று பின்னேரம் குடை எங்கள் இஸ்தோப்பில் வந்து நின்றது. நான் வெற்றுடம்போடு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தேன். காம்பராவுக்குள் சுவர்த் தட்டில் மஞ்சள் மாவைக் கொட்டிவைத்த போத்தல், பக்கத்தில் கண்ணாடித் துண்டு, சுவரில் நானா கொடுத்த பயில்வான் படம். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு தன்னோடு வரச் சொன்னார். பிள்ளைக்காம்பரா வரை குடை முன்னால் போக, நான் பின்னால் நடந்தேன். அங்கே பிள்ளைத்தாய்ச்சிகள் ஏறும் தராசில் என்னை ஏறச் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன் நானா கடையில் நிறுத்ததைவிட ஐந்து இறாத்தல் கூடியிருந்தது. அவர் கேட்டபோது வெட்கம்கெட்ட நான் அதைப் பெருமையாகவே சொன்னேன். அவர் என் மனைவியின் கார்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அவ கார்டுல ஏற வேண்டிய எட, ஒன் புஜத்துல ஏறியிருக்கு" என்றார்.

 எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று, நான் கேட்கவில்லை, அவளாகத்தான் கொடுத்தாள் என்றேன்.

"அவ குடுப்பா. குடுக்கத்தானே அவள வளத்திருக்காங்க. நீ ஏன் தின்ன?"

 தராசிலிருந்து இறங்கக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன். பிறக்காத என் பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கித் தின்றிருக்கிறேன் என்பது அந்தத் தகரத் தட்டின் மேல் நின்றபோதுதான் புரிந்தது. பயந்துவிட்டேன். தங்காமல் போன இரண்டு பிள்ளைகளின் அப்பன்மாரையும் எனக்குத் தெரியும்.

தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சொல்லி என் வேலையை நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போட்ட தண்டனை வேறு. மறுநாளிலிருந்து பகல் சாப்பாட்டு நேரத்தில் என் மனைவி பிள்ளைக்காம்பராவுக்கு வருவாள். நான் ஸ்டோரிலிருந்து வந்து, என் கையாலேயே மாவைப் பிசைந்து, அவள் தின்று முடிக்கும்வரை கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். முடித்ததும் அவள் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டவேண்டும். மிட்வைஃப் அம்மா இருந்தால் அவரிடம், இல்லாத நாளில் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மாவிடம். பிள்ளை பிறக்கும் வரை ஒருநாளும் தப்பக்கூடாது. "எனக்கு முன்னால தின்னணும்" என்பதுதான் அவருடைய ஒரே சட்டம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அது எந்த வாய்க்குப் போகும் என்று அவருக்கு இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டோர் ஓடைக்கரையில், பிள்ளைக்காம்பரா மலை முகட்டில். இரண்டுக்கும் நடுவே தேயிலைக்குள் வெட்டிய படிகள். மணி அடித்ததும் நான் மேலே ஓடுவேன், முடிந்ததும் கீழே ஓடுவேன். குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வந்த பெண்கள் எல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். லயத்துப் பயில்வான் கிண்ணத்தோடு நிற்கிற காட்சி அவர்களுக்குச் சோற்றோடு கிடைத்த தொடுகறி. "என்னாண்ணே, ஒங்களுக்கு எத்தனையாவது மாசம்?" என்று ஒருத்தி கேட்டதும் பிள்ளைக்காம்பராவே சிரித்தது. என் காது சுட்டது. ஆனால் போனேன். முதல் சில நாள் மனைவிக்குத் தொண்டையில் இறங்கவில்லை. புருஷன் நிற்க, தான் உட்கார்ந்து தின்பது அவளுக்குப் பழக்கமில்லை. நாலாம் நாள், பாதி உருண்டையை வழக்கம்போல என் பக்கம் நீட்டினாள். மிட்வைஃப் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் தலைகுனியாமல் தின்றாள்.

போட்டியே வேண்டாம், விட்டுவிடுகிறேன் என்று ஒருநாள் நான் முறுக்கிக்கொண்டபோதுதான் அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "ஏன் விடணும்? ஒனக்கு வேண்டியத நீயே வெளைய வச்சு தின்னு. அந்த ஒடம்போட போயி மேடையில நில்லு" என்றார். அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது ஒரு சுண்டு கௌபிப் பயறு விதை கொண்டுவந்து கொடுத்தார். லயத்துக்குப் பின்னால் கல்லும் மானாப்புல்லுமாகக் கிடந்த சரிவை நான் கொத்தினேன். சக்கரம் தூக்கிய கைக்கு மண்வெட்டி பிடிக்க முதலில் கசந்தது. ஓர் ஓரத்தில் முருங்கைக் கொம்புகளை நட்டேன். கிடைத்த நாளில் நெத்தலி, கிடைக்காத நாளில் ஒரு கைப்பிடி கச்சான் கடலை. ஐந்து இறாத்தலும் ஒரே மாதத்தில் இறங்கிப்போயிற்று. இறங்கட்டும் என்று விட்டுவிட்டு மறுபடி கீழேயிருந்து ஆரம்பித்தேன்.

மகள் ஒரு புதன்கிழமை காலை பிறந்தாள். மிட்வைஃப் அம்மா அவளைத் துணியில் சுற்றித் தொங்கு தராசில் போட்டுவிட்டு, முள்ளைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். ஐந்து இறாத்தல். என் புஜத்தில் ஏறிய அதே ஐந்து.  "சின்னப் புள்ளதான். ஆனா பொழச்சுக்குவா" என்றபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன். கௌபி காய்த்து, முதல் தடவை அவித்தபோது சட்டியை மனைவிக்கு முன்னால் வைத்தேன். பால் கொடுக்கிறவள் தின்ற பிறகு நான் தின்றேன்.

போட்டிக்கும் போனேன். மேடையில் ஏழு பேர். நான் ஆறாவதாக வந்தேன். ஏழாவது ஆளுக்கு அன்று காய்ச்சல். இறங்கி வந்ததும் நானா என் தோளில் தட்டி, "கெண்டக்கால் மட்டும் ஒங்களுதுதான் தம்பி முதலாவது. அதுக்கு என்ன தின்னீங்க?" என்று கேட்டார். ஒன்றும் தின்னவில்லை, கிண்ணம் பிடிக்க ஓடினேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பயறு தின்று வளர்ந்த அந்த உடம்போடு அங்கே நின்றதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

மிட்வைஃப் அம்மா இரண்டு வருஷம் கழித்து மொனராகலைப் பக்கம் மாற்றலாகிப் போனார். பிறகு பார்க்கக் கிடைக்கவில்லை. எனக்கு அதற்குப் பின் மூன்று பிள்ளைகள். எல்லோரும் என்னைப்போல உயரம். மூத்தவள் மட்டும் குள்ளம், மெல்லிய கை. பிறவியில் அப்படித்தான் என்று டாக்டர்கள் சொல்லக்கூடும். அவள் வளையல் போட்டுக்கொள்ளும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவளுடைய மகன்தான் இந்தக் கறுப்பு டப்பாக்காரன்.

போன மாதம் மனைவிக்கு ஓர் ஆபரேஷன். வீட்டுக்கு வந்தபோது கைகால் குச்சியாகிவிட்டிருந்தது. தசை கரைந்துபோயிருக்கிறது, புரதச் சத்து கொடுங்கள் என்றார் டாக்டர். இறைச்சி மெல்ல அவளுக்குப் பல் இல்லை, மீன் வாடை பிடிக்கவில்லை. பேரன் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, ஒரு கரண்டி கொடுக்கலாம் என்று கேட்டு வந்தான். அவன் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால் கலக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. வாழ்க்கையில் இரண்டாம் தடவையாக அடுத்தவர் மாவில் கை வைத்தேன்.

இளஞ்சூட்டுப் பாலில் கட்டி விழாமல் கரைத்து டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி குடித்தாள். பிறகு, ஏதோ நேற்றுத்தான் நடந்ததுபோல, டம்ளரை என் பக்கம் நீட்டினாள்.

"மிச்சத்த நீங்க குடிங்க. நடக்கப் போறீங்கல்ல."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலருகில் நின்றேன்.

"எனக்கு முன்னால குடி" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எத்தனையாவது மாசம்னு கேக்க இப்ப ஆளில்ல. தைரியமா நிக்கிறீங்க" என்றாள். சிரித்துக்கொண்டே, மெல்ல மெல்ல, கடைசி மடக்கு வரை குடித்தாள். பிறகு, நான் கேட்காமலே, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.