மைக்கில் ஏறாத சொல்

தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டரில் என்ன கோளாறு வந்தாலும் நான்தான் பார்ப்பேன்.

அக்கா ஜெர்மனியில் நர்ஸ். கன்னியர் மடத்தில் சேர்ந்து அங்கே போனவள், மடத்தை விட்டு வந்து ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதிலிருந்து ஆறு வருஷமாக அப்பா அவளோடு பேசவில்லை.

சென்டருக்குக் கேமரா வாங்கியதும், அக்காவைத் திரையில் பார்த்துப் பேச அப்பாவை விடாமல் கூப்பிட்டேன். ஒரு வாரம், "செரி, போலாம்" என்றார். அக்காவுக்கு மெயிலில் நேரம் சொன்னேன்.

ஞாயிறு பூசை முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். திரையில் அக்காவின் முகம் விட்டு விட்டு அசைந்தது. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"அப்பா, பேசுங்கப்பா. சத்தமே வரலீங்க."

மைக் வயர் சரியாகச் சொருகவில்லையோ என்று மேசைக்கு அடியில் குனிந்தேன். தலைக்கு மேலே அப்பா பேசினார்.

"நாஞ் செஞ்சது தப்பு கண்ணு. மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊட்டுக்கு ஒருக்கா வந்துபோட்டுப் போ."

அவர் யாரிடமும் தப்பு என்று ஒத்துக்கொண்டு நான் கேட்டதேயில்லை.

"என்னங்கப்பா? கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குதுங்க. மறுக்காச் சொல்லுங்க."

வயர் சரியாகத்தான் இருந்தது. எழுந்து வால்யூம் கன்ட்ரோலைத் திறந்தேன். ஸ்பீக்கருக்கு உள்ளதெல்லாம் மேலே இருந்தது. ரெக்கார்டிங் பக்கத்துக்குப் போனால் மைக்ரோபோன் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் கிடந்தது. ஏற்றினேன். கூடவே சத்தத்தைக் கூட்டும் பூஸ்ட் என்பதிலும் டிக் போட்டேன். காலையிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டிய வேலை.

"இப்பக் கேக்குதா?" என்றேன்.

"நல்லாக் கேக்குது! அப்பா, என்னமோ சொன்னீங்களே?"

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்டியா?"

"சாப்டாச்சுங்கப்பா."

"செரி. ஒடம்பப் பாத்துக்க." எழுந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது, "அதான் பாத்தாச்சல்ல" என்றார். அதற்குப் பிறகு அவர் அங்கே வரவேயில்லை.

அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அக்காவுக்கு மெயில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "என்னைச் சமாதானப்படுத்த நீயா எதையாவது எழுதாதே. அப்பா அப்படிச் சொல்கிறவர் இல்லை."

சத்தியம் செய்து மறுபடி எழுதினேன். அதற்கு அவள் பதிலே போடவில்லை.