திரும்பாத இருபத்திரண்டு நிமிடம்

ஸ்ரீநிவாஸின் தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி வகுப்பில் இரண்டே சட்டங்கள். தொடங்கிய பிறகு யாரும் நிறுத்தக் கூடாது. யாரும் பேசக் கூடாது. அவர் ஏரியைப் பார்த்து நிற்பார்; மற்றவர்கள் அவர் முதுகைப் பார்த்துச் செய்வார்கள். இருபத்திரண்டு நிமிடம் முடியும்வரை அவர் திரும்பமாட்டார். ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் பதினேழு வருடமாக, காலை ஆறு மணிக்கு, இப்படித்தான் நடந்தது.

நடைப்பயிற்சிக்காரர்கள் வங்காள மொழியில் சீண்டிப் பார்ப்பார்கள். "அண்ணா, தூங்கிக்கிட்டே நடக்கிறீங்களா?" பதில் வராது. கேட்டவர்களில் நாலைந்து பேர் பிறகு தாங்களே வரிசையில் வந்து நின்றார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். வயதான காலத்தில் கீழே விழாமல் இருக்கவேண்டும் என்று வருகிறவர்கள்.

சட்டங்கள் அப்பா திருவேங்கடம் விட்டுப்போனவை. அவர் கிடர்ப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் குமாஸ்தா. அங்கே லியோங் என்ற சீனத் தச்சர், வேலைக்கு முன் ஆற்றைப் பார்த்துத் தனியாகத் தாய்ச்சி செய்வார். திருவேங்கடம் பின்னால் நின்று பார்த்துச் செய்தார். மூன்று வருடம். தச்சர் ஒருநாளும் திரும்பியதில்லை, வாய் திறந்ததில்லை. அறுபத்திரண்டில் சீனாவோடு சண்டை வந்தபோது போலீஸ் தச்சரைக் குடும்பத்தோடு ரயிலேற்றி முகாமுக்குக் கொண்டுபோனது. அவர் திரும்பி வரவில்லை. சந்தேகம் கேட்க ஆள் இல்லாததால், திருவேங்கடம் பார்த்ததை எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டார்: கை அசைவு, மௌனம், முதுகு. மகனுக்கும் அப்படியே கொடுத்தார். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியதும் மகன் அதையே வகுப்பாக்கினார்.

மனைவி அனந்தலக்ஷ்மி மட்டும் வகுப்புக்கு வந்ததில்லை என்று அவர் நினைத்திருந்தார். ஆனால் அக்டோபரில் பூஜை விடுமுறை முடிந்ததிலிருந்து அனந்தலக்ஷ்மி வந்துகொண்டிருந்தார். கணவர் ஆரம்பித்த பிறகு கடைசி வரிசையில் சேர்ந்துகொள்வார். முடிவதற்குள் கிளம்பி, அவர் வீடு வருவதற்குள் பாலைக் காய்ச்சிவிடுவார். லேக் கார்டன்ஸில் அவர்கள் வீடு இருக்கும் அதே மாடியில் குடியிருக்கும் பிரியம்வதாதான் பக்கத்தில் நிற்பவள். ஒரு மாலை மாடிப்படியில் பிடித்துக் கேட்டாள்.

"மாமி, நடுவில கிளம்பறேள். ரூல் மீறல்."

"ரூல் போட்டவருக்குத் தெரிஞ்சாத்தானேடி."

"சொல்லிட்டுத்தான் வாங்களேன்."

"சொன்னா ஆத்திலயும் கையைத் திருத்த ஆரம்பிச்சுடுவார். அங்க அவர் பாட்டுக்குச் செய்யறார், நான் பாட்டுக்குப் பாத்துண்டிருக்கேன். நன்னா இருக்கு."

பிப்ரவரியில் ஒரு காலை, பதினைந்தாவது நிமிடத்தில், பின்னால் ஏதோ விழுந்த சத்தம் ஸ்ரீநிவாஸுக்குக் கேட்டது. மரக்கிளையாக இருக்கும் என்று நினைத்தார். அவர் திரும்பவில்லை, அதனால் முன்வரிசையும் திரும்பவில்லை. விழுந்தது அனந்தலக்ஷ்மி. பிரியம்வதா குனிந்து தூக்கி, மரத்தில் சாய்த்து உட்காரவைத்து, "மாமா" என்று கூப்பிட வாயெடுத்தாள். அனந்தலக்ஷ்மி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தன் உதட்டில் விரலை வைத்தார். வெறும் மயக்கம்தான் என்று பிரியம்வதாவும் நம்பிவிட்டாள்.

ஏழு நிமிடம். கைகளை இறக்கி, மூச்சை விட்டு, ஸ்ரீநிவாஸ் திரும்பினார். கடைசி வரிசையில் ஒரு சிறு கூட்டம். முதலில் அவர் கண்ணில் பட்டது, மரத்தில் சாய்ந்திருந்தவர் போட்டிருந்த தன்னுடைய பழைய ஸ்வெட்டர்.

மூளையில் ரத்தக்கசிவு. நான்காம் நாள் அனந்தலக்ஷ்மி போய்விட்டார். ஏழு நிமிடத்தால் பெரிய வித்தியாசம் வந்திருக்காது என்றார் டாக்டர். ஸ்ரீநிவாஸ் அவரிடம் அதையே மூன்று முறை கேட்டார்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் பிரியம்வதா வந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர் அவளைத் திட்டவில்லை. பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் மாதவிதான் பேசினாள்.

"அந்தத் தச்சர் இது ரூல்னு சொன்னாராப்பா? ஆத்துத் தண்ணியைப் பாக்கப் பிடிச்சுதான் அப்படி நின்னாரோ என்னமோ."

"தாத்தா கேக்கலை."

"நீங்க?"

"நானும் கேக்கலை. எல்லாம் ரூல்னே இருந்துட்டேன்."

இரண்டு மாதம் ஏரிப்பக்கம் அவர் போகவில்லை. விட்டுவிட்டால் அப்பா கொடுத்தது தன்னோடு முடிந்துவிடும். பழையபடி நிற்கவோ முதுகு கூசியது. ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை போனார். பாதிப் பேர் வேறு வகுப்புக்குப் போயிருந்தார்கள். ஒன்பது பேர் நின்றார்கள். அவர் ஏரிக்கு முதுகைக் காட்டி, அவர்களைப் பார்த்து நின்றார்.

"யாருக்காவது தலை சுத்தினா சத்தமா சொல்லணும்" என்று வங்காளத்திலும் தமிழிலும் சொன்னார்.

எல்லாம் குழம்பியது. அவர் வலது கையைத் தூக்கினால் எதிரே பாதிப் பேர் இடதைத் தூக்கினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசி வரிசைக்குப் பார்வை போனபோது நின்றுவிட்டார். அடுத்த அசைவு நினைவுக்கு வரவில்லை. ஐந்து வயதிலிருந்து ஒருநாளும் மறக்காதது. கைகள் நெஞ்சுக்கு நேரே அப்படியே நின்றன. யாரும் பேசவில்லை, பழக்கம்.

"இடது கை, மாமா" என்றாள் பிரியம்வதா.

அவர் இடது கையை நகர்த்தினார்.